பாட்டு வெளியான பிறகு திருத்த முடியாத தவறுகள்

கிடார், குரல், லேப்டாப் என்று வீட்டிலேயே பதிவுசெய்து தானே வெளியிடும் நாட்டுப்புறச் சாயல் இண்டி கலைஞருக்குப் பின்னால் லேபிளும் இல்லை, மேனேஜரும் இல்லை. சுமாரான மிக்ஸை அடுத்த பாட்டில் சரிக்கட்டிவிடலாம். ஆனால் சில தவறுகள் வெளியீட்டுக்கு முன்பே நடந்துவிடும். பிறகு எவ்வளவு மெனக்கெட்டாலும் சரியாகாது.

ஒலிப்பதிவில் அதிகம் பார்ப்பது, மைக்கைக் கிடாரின் துளைக்கு நேராக வைப்பது. துளையிலிருந்து வரும் பேஸ் 100–200 ஹெர்ட்ஸ் பகுதியை வீங்க வைக்கும்; அதை ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டினால் கிடாரின் கனமும் சேர்ந்தே போய்விடும். மைக்கை 12-ஆவது ஃபிரெட்டுக்கு (கிடார் கழுத்தில் உள்ள குறுக்குப் பட்டை) எதிரே 20–30 செ.மீ. தள்ளி வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு வெறும் அறையைப் பத்து நொடி பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டால் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் எவ்வளவு இரைகின்றன என்று தெரியும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் பதிவுசெய்யுங்கள். ஒலி அளவுமீறிச் சிதைந்த, அதாவது கிளிப் ஆன டேக்கை எந்த பிளக்-இன்னும் முழுதாக மீட்டுத் தராது. புதுக் கம்பியைப் பதிவு நாளன்று மாட்டினால் பாட்டின் பாதியிலேயே சுருதி இறங்கும். இரண்டு நாள் முன்பே மாட்டி வாசித்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு கிராமத்துக் குரலைக் கையாள்வதில் நடக்கிறது. ஒரு பாட்டியின் தாலாட்டைப் போனில் பதிவுசெய்து, அதன்மேல் கிடார் போட்டு, 'பாரம்பரியப் பாடல்' என்று வெளியிட்டுவிடுகிறார்கள். மெட்டு யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்கலாம். பாடியது அவர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஆகவே சம்மதம் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால், பாட்டு எங்கே வரும், எவ்வளவு பங்கு என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் ஒப்புக்கொள்வதைச் சாட்சியோடு வீடியோவாகப் பதிவுசெய்யுங்கள். அவர் பெயரைப் பாடகர் பட்டியலில் போடுங்கள். அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. மரபு மெட்டை உங்கள் இசையமைப்பு என்று பதிவதும் பொய்தான். நீங்கள் சேர்த்த வரிகளையும் இசைக்கோர்ப்பையும் மட்டும் பதியுங்கள். நாட்டுப்புறப் பாடல் என்று பரவியிருப்பது சமீபத்துக் கவிஞர் எழுதியதாகவும் இருக்கும். பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை உரிமை உண்டு என்பதால், விசாரிக்காமல் தொடாதீர்கள்.

நண்பர்கள்தானே என்று பங்கு பேசாமல் விடுவதும் அப்படித்தான். எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், புரொடியூசர் ஆகியோரின் சதவீதத்தை ஒரே பக்கத்தில் எழுதி, பதிவு முடிந்த அன்றே எல்லோரும் கையெழுத்திடுங்கள். புரொடியூசருக்கு ஒரே தடவைக் கூலியா, மாஸ்டரில் (முடிந்த ஒலிப்பதிவில்) பங்கா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களில் பாட்டை ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அங்கிருந்து வாங்கித் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிக்கும் மெட்டுக்கும் வரவேண்டிய ராயல்டி தனி, அதற்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கான ராயல்டியை வசூலிக்கும் அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ்.-இல் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். இது தெரியாமல் அந்த வருமானத்தையே விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

வெளியீட்டை நாளைக்கே என்று வைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்களுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்ப, வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பே அது தளத்தில் ஏறியிருக்க வேண்டும். மூன்று நான்கு வாரம் இருந்தால் நிம்மதி. கலைஞர் பெயரின் எழுத்துக்கூட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் மாறினால் தனித்தனிப் பக்கங்கள் முளைத்துக் கேட்பவர்கள் சிதறிப்போவார்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது என்பதால், அந்தச் சிதறல் நேராகப் பணத்தில் அடிக்கும். பொதுவில் கிடைக்கும் தம்பூரா லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் பதிவுத் துணுக்கு) பயன்படுத்திய பாட்டை, ஒலியை மற்ற வீடியோக்களில் தானாகவே தேடிப் பிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே லூப்பை வைத்திருக்கும் மற்றவர்களின் வீடியோக்கள்மீது உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் விழும். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே (ஒலிப்பதிவின் அடையாள எண்) கொடுங்கள், பழைய இடத்திலிருந்து எடுப்பதற்கு முன்பே புது இடத்தில் ஏற்றிவிடுங்கள். புது எண் போட்டால் அது புதுப் பாட்டாகிவிடும், ஸ்ட்ரீம் கணக்கும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.