ஜிசிசி 14 போட்டதும் பழைய சி ப்ரோகிராம் படுத்துவிட்டதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடிவாளாவில் ஊருக்கு பஸ் ஏற வேண்டியிருந்தால், இந்த வேலையை அன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன், பஸ் போய்விட்டது.

காலேஜ் நாளில் எழுதிய ஒரு சின்ன சி ப்ரோகிராம். பெங்களூரு - சேலம் ரயில் நேரங்களைப் படித்து அடுத்த வண்டி எது என்று சொல்லும். உபுண்டு 22.04 லினக்ஸில் ஜிசிசி 11 (சி ப்ரோகிராமை ஓடும்படி மாற்றித் தரும் கம்பைலர்) வார்னிங்கோடு விட்டுவிட்டது. 24.04-க்கு வந்து ஜிசிசி 14 போட்டதும் திரை முழுக்க எர்ரர்.

படி 1: உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ மூலம் ஜிசிசி-14 பேக்கேஜைப் போடுங்கள். 24.04-உடன் வந்த 13 அப்படியே இருக்கட்டும். கணினி முழுவதற்கும் கம்பைலரை மாற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ப்ரோகிராமைக் கம்பைல் செய்ய வைக்கும் ‘மேக்’ கட்டளையிலேயே ‘சிசி’ மாறிக்கு ஜிசிசி-14 என்று கொடுத்தால் போதும்.

படி 2: முதலில் ‘மேக் க்ளீன்’. பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் (முன்பே கம்பைல் ஆனவை) கிடந்தால் எதுவும் புதிதாக கம்பைல் ஆகாது, ‘எல்லாம் சரி’ என்று ஏமாந்துபோவீர்கள்.

படி 3: இங்கேதான் என் இரவு போனது. எழுத்தாக இருக்கும் நேரத்தைப் படிக்கும் ‘எஸ்டிஆர்பிடைம்’ ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை என்றது கம்பைலர். அதை அறிவிக்கும் ஹெடர் ஃபைலான ‘டைம்.ஹெச்’ சேர்த்துத்தானே இருக்கிறேன்! விஷயம் என்னவென்றால், அந்த ஹெடரில் இந்த ஃபங்ஷன் திரைக்குப் பின்னால் இருக்கிறது. ‘_க்னூ_சோர்ஸ்’ என்ற மேக்ரோவை டிஃபைன் செய்தால்தான் வெளியே வரும். செய்தேன். வரவில்லை. காரணம், அந்த வரியை ‘எஸ்டிடிஐஓ.ஹெச்’-க்குக் கீழே எழுதியிருந்தேன். முதல் இன்க்ளூடுக்கும் மேலே, ஃபைலின் தலையிலேயே இருக்க வேண்டும். மேலே நகர்த்தியதும் அடங்கியது.

இதற்கு முன் எப்படி ஓடியது? அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) தருவதாகப் பழைய கம்பைலர் தானாக நினைத்துக்கொள்ளும். இந்த ஃபங்ஷன் தருவதோ 64 பிட் பாயின்டர், அதாவது நினைவக முகவரி. அதில் பாதி வெட்டுப்பட்டு வந்திருக்கிறது. நான் அது நல்-ஆ (வெற்று முகவரியா) இல்லையா என்று மட்டும் பார்த்ததால் தப்பித்தேன். அந்த பாயின்டரைத் தொட்டிருந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், ப்ரோகிராம் அங்கேயே செத்துவிடும். 1999-லேயே சி தரத்திலிருந்து தூக்கிய பழக்கம் இது. ஜிசிசி 2024 வரை பொறுத்துக்கொண்டதே பெரிது.

‘எஃப்பெர்மிசிவ்’ ஃப்ளாக் கொடுத்தால் எர்ரர்கள் திரும்ப வார்னிங் ஆகிவிடும். அவசரத்துக்குச் சரி, ஆனால் மேக்ஃபைலில் (‘மேக்’ படிக்கும் ஃபைல்) நிரந்தரமாகக் குடிவைக்காதீர்கள்.

சீமேக் (மேக்ஃபைலைத் தானே எழுதித் தரும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: அது பழைய கம்பைலரை நினைவில் வைத்திருக்கும். பில்ட் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

பின்சேர்க்கை: ஃபெடோரா 42 லினக்ஸில் ‘பூல்’ என்று சொந்தமாக டைப்டெஃப் செய்த (ஒரு டைப்புக்குப் பெயர் வைத்த) வரியில் எர்ரர் வருவதாக ஒருவர் கமென்டில் கேட்டிருந்தார். அது ஜிசிசி 15. அதில் எதுவும் சொல்லாவிட்டால் சி23 தரம்தான், அங்கே பூல் ஒரு கீவேர்டு, மொழியே ஒதுக்கிவைத்த சொல். உங்கள் டைப்டெஃபைத் தூக்கிவிட்டு ‘எஸ்டிடிபூல்.ஹெச்’ சேருங்கள். வேறொருவர் எழுதிய ப்ரோகிராம், கை வைக்க முடியாது என்றால், எந்த சி தரம் என்று சொல்லும் எஸ்டிடி ஃப்ளாகில் ‘க்னூ17’ கொடுத்துப் பாருங்கள்.