தொடை லிஃப்ட்: கத்திக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

தொடை லிஃப்ட் எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. எடை நிறைய இறங்கியபின் தொங்கும் தோலை வெட்டியெடுத்துத் தைப்பார்கள், அவ்வளவுதான். தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அதைக் குழாயால் உறிஞ்சியெடுக்கும் லிபோசக்‌ஷன் போதும். தோலில் மேடுபள்ளமாகத் தெரியும் செல்லுலைட் குழிகள் இதில் மறையும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கண்ணாடி முன் நின்று, தொடையிடுக்கின் அருகே தோலைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தொய்வு மேல்தொடையில் மட்டும் என்றால் இடுக்கு மடிப்பிலேயே ஒளிந்துகொள்ளும் கீறல் போதும். முழங்கால் வரை தொங்கினால் உள்தொடை நெடுக ஒரு கீறல் வேண்டியிருக்கும். தழும்பும் அந்த நீளத்துக்கு நிற்கும். தழும்புக்குப் பயந்து சின்னக் கீறலே போதும் என்று அடம்பிடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. கீழே உள்ள தொய்வு அப்படியே இருக்கும். மேலே இழுத்த தோலின் பாரமெல்லாம் இடுக்குத் தையலில் தொங்கும். நாளடைவில் தழும்பு கீழிறங்கித் தெரியும், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் இதழ்கள் விரிந்துபோகவும் கூடும். இதைத் தவிர்க்கத் தோலை அடியிலுள்ள உறுதியான சவ்வோடு சேர்த்துத் தைப்பார்கள். ‘கோலிஸ் சவ்வில் தைப்பீர்களா?’ என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

எடை குறைந்தது 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். புகைப்பவர்கள் 4 வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தையல் விளிம்பு கருத்துப் பிரியக்கூடும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் குறைந்திருக்கலாம், ரத்தத்திலுள்ள புரதமான அல்புமினையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அறுவை சிகிச்சையன்று காலை உங்களை நிற்கவைத்துத் தொடையில் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் தோல் இடம் மாறிவிடும், அதனால்தான் நிற்கவைப்பது. அறுவை பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம். கண் விழிக்கும்போது இறுக்கமான கம்ப்ரஷன் உடை இருக்கும், சிலருக்கு வடிகுழாயும் இருக்கும். அதில் 24 மணி நேரத்தில் இறங்கும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழ் வந்ததும் பொதுவாக எடுத்துவிடுவார்கள். அன்றைக்கே மெல்ல நடக்கச் சொல்வார்கள். காலில் ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்கத்தான்.

முதல் இரண்டு வாரம் முழுக்கத் தொடையிடுக்கு பற்றிய கவலைதான். வியர்வை, உராய்வு, சிறுநீர் எல்லாம் சேரும் இடம் அது. நீளக் கீறலும் இடுக்குக் கீறலும் சந்திக்கும் முனைதான் முதலில் பிரியும். கழிப்பறை போனபின் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் தங்காமல் மடிப்பில் மெல்லிய காஸ் துணி வைத்துக்கொள்ளலாம், நனைந்த உடனே மாற்றுங்கள். பவுடர் வேண்டாம். காலை அகட்டுவது, குந்துவது, சம்மணமிடுவது எல்லாம் 6 வாரம் கழித்துத்தான். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு கால்களையும் ஒட்டியபடி திருப்பி இறங்குங்கள். ஒரு காலை மட்டும் எட்டி வைத்தால் தையல் இழுக்கும்.

அரை அங்குலம் தையல் பிரிந்தால் பதறத் தேவையில்லை. படம் எடுத்து மருத்துவருக்குக் காட்டுங்கள், பெரும்பாலும் கட்டு மாற்றியே ஆறிவிடும். தொடையில் நீர் கோத்து, தொட்டால் தளும்பினால் ஊசியால் எடுப்பார்கள். தையல் சிவந்து சூடாகி 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 வாரத்தில் போகலாம், ஓட்டமும் உடற்பயிற்சியும் 6 வாரத்துக்குப் பிறகு. உள்தொடை மரத்துக் கிடப்பது சில மாதம் நீடிக்கும். புண் முழுக்க ஆறியபின் சிலிக்கோன் ஜெல் தடவத் தொடங்கலாம். தழும்பு வெளுத்து மெலிய ஓர் ஆண்டுக்கு மேலாகும், வீக்கம் வடியவே 3 மாதமாகிவிடும். அதற்குள் டேப் எடுத்துச் சுற்றளவு பார்க்காதீர்கள்.