மரத்தை 'கட்' செய்யாதீர்கள், 'டெப்' செய்யுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் "மை மதர் கட்ஸ் ட்ரீஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் 'பால்மரம் வெட்டுறது' என்கிறோம், மலாயிலும் 'மோத்தோங் கெத்தா' என்கிறார்கள். பிள்ளை வேறு எப்படி எழுதும்? ஆனால் படிப்பவருக்கு அம்மா மரத்தையே சாய்ப்பதாகத்தான் தோன்றும். "மை மதர் டெப்ஸ் ரப்பர்" என்பதே சரி.

இந்த 'டெப்' (tap) உண்மையில் இரண்டு வினைகள். ஒன்று, பீப்பாயின் அடைப்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது அதன் பொருள். பால் எடுப்பது, போனை ஒட்டுக்கேட்பது, சேமிப்பில் கைவைப்பது எல்லாம் இதில் அடங்கும். தண்ணீர்க் குழாயின் பெயரும் இதுதான். மற்றது பிரெஞ்சு வழி வந்தது, மெல்லத் தட்டுவது. தோளைத் தட்டுவதும், எல்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கார்டைத் தொடுவதும் இது.

அப்புறம், எழுத்து. இறந்த காலத்தில் 'பி' இரட்டிக்கும் (tapped). ஒரே 'பி' போட்டால் (taped) அது ஒட்டும் 'டேப்' ஆகி, அம்மா ரப்பரை ஒட்டியதாகிவிடும்.