ரொறன்ரோவில் அம்மா அப்பாவுக்கு வாடகை வீடு: முதலில் தெருவைப் பாருங்கள்

பெற்றோரைக் கனடாவுக்குக் கூப்பிட்டதும் மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற புறநகரில் பெரிய வீட்டில் ஓர் அறையைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அங்கே பால் வாங்கவும் கார் வேண்டும். கார் ஓட்டாத எழுபது வயதுக்காரருக்கு அது வசதியான சிறைதான். தாங்களே நடந்து போய்வரக்கூடிய இடத்தில் ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மென்ட் எடுத்துக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

எங்கள் ஆட்கள் 80, 90களில் வந்திறங்கிய, ரொறன்ரோ நகர மத்தியிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுன் இன்றும் பார்க்கத் தகுந்தது. ஷேர்போர்ன் சப்வே, 94 வெல்லஸ்லி பஸ், நூலகம், பார்லிமென்ட் வீதிக் கடைகள் எல்லாம் நடைத் தூரம். ஆனால் பெரும்பாலும் 1960களில் எழுந்த கட்டடங்கள், லிஃப்ட்தான் தலையிடி. ஆகவே வீடு பார்க்கப் பின்னேரம் ஐந்தரைக்குப் போங்கள். எல்லாரும் வேலையால் திரும்பும் நேரம். எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, பழுது என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு சாமான் வண்டியை அப்பாவின் கையில் கொடுத்து, பலசரக்குக் கடைவரை இழுத்துப் போகச் சொல்லுங்கள். சிக்னல் மாறுமுன் அவர் மறுபக்கம் சேருகிறாரா? ஸ்னோ தள்ளும் வண்டி வீதியைத் துப்புரவாக்கிவிட்டு, நீங்கள் கடக்க வேண்டிய முனையிலேயே மேடு கட்டிவிட்டுப் போகும். கோடையில் ஐந்து நிமிடமாக இருந்த தூரம் மாசியில் அப்படி இருக்காது. குளியல் தொட்டியின் விளிம்பையும் பாருங்கள். முழங்கால் நோவுள்ள அம்மா அதைத் தாண்டுவாரா? கைப்பிடி பொருத்தித் தரும்படி கேட்கத் தயங்க வேண்டாம். இயலாமைக்கு ஏற்ற வசதி செய்துகொடுப்பது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை.

முற்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே கேட்கலாம். சேதத்துக்கென்று 'டமேஜ் டிப்பொசிற்' கேட்பது சட்டத்துக்கு மாறானது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய கட்டடங்களில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இல்லை. பென்சனில் வாழ்பவருக்குப் பளபளக்கும் புதுக் கொண்டோவைவிடப் பழைய கட்டடமே காவல். அங்கே வீட்டுக்காரர்-வாடகையாளர் சபையின் (Landlord and Tenant Board) அனுமதியில்லாமல் மாகாணம் அறிவித்த வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. 2025இல் அது 2.5 வீதம். அதையும் 90 நாளுக்கு முன் எழுத்தில் தர வேண்டும்.

முதியோருக்கென்றே கட்டடங்களும் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய ரொறன்ரோ முதியோர் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் 83 கட்டடங்களை நடத்துகிறது. 59 வயது ஆகியிருக்க வேண்டும். சலுகை வாடகை பொதுவாக வருமானத்தில் 30 வீதம். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் என்பதால், நிரந்தர வதிவுரிமை (பி.ஆர்.) கிடைத்து வயதும் வந்தவுடனேயே பெயரைப் பதிந்துவிடுங்கள். வருமான வரியை ஒரு வருடமும் தவறாமல் தாக்கல் செய்யுங்கள். பெற்றோர் வந்து தங்குவதற்கான தற்காலிக சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது.

முதுமைப் பென்சனுக்கு 65 வயதோடு பொதுவாக 10 ஆண்டு வதிவும் வேண்டும். அதுவரை வாடகை யார் கையால் போகும் என்பதைச் சகோதரர்கள் முன்கூட்டியே பேசி முடியுங்கள். வாடகை ஒப்பந்தமான லீஸில் பெற்றோரின் பெயரையும் போடுங்கள். மகனின் பெயரில் மட்டும் எடுத்தால், அவர் அந்த லீஸை விடும் நாளில் அங்கே இருக்க அவர்களுக்குத் தனியாக வாடகையாளர் உரிமை இராது.