ஆட்டக்காரனுக்கு ஒரு பேரேடு போடுங்க

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் 31 வருசம் பி.டி. வாத்தியாரா இருந்தவனுங்க நான். எங்கிட்டக் கபடி ஆடின பையன் ஒருத்தன், நல்ல லெப்ட் கார்னர் (இடது ஓரத்துல நின்னு பாடி வர்றவனைப் பிடிக்கிறவன்), விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை கேட்டுப் போனான். "இதுவரைக்கும் எங்கெங்க ஆடியிருக்கே?"ன்னு கேட்டிருக்காங்க. அவன் கையில இருந்தது நாலு சான்றிதழ். ரெண்டுல வருசமே போடல. ஏழு வருசம் மண்ணுல புரண்டவன் பதில் சொல்ல முடியாமத் திரும்பி வந்தான். அது என் குத்தம். நான் எழுதி வெச்சிருக்கோணும்.

எழுதற முறையை நான் கத்துக்கிட்டது மெல்போர்ன்ல. மகள் வீட்டுக்குப் போயிருந்தப்போ பேரன் என்னை ஆஸ்திரேலிய ஃபுட்பால் பார்க்கக் கூட்டிட்டுப் போனான். அணிக்கு 18 பேர், முட்டை மாதிரிப் பந்து, ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்கு ஊடால உதைச்சா 6 புள்ளி. அது தப்பி ஓரக் கம்பத்துக்கு உள்ளார போனா 1 புள்ளி. "அப்புச்சி, இங்க ஆடினவங்க ஒவ்வொருத்தருக்கும் எத்தனாவது மேட்ச்னு கணக்கு இருக்கு"ன்னான். பழைய ஆட்டக்காரர் ஜிம் ஸ்டைன்ஸ் கணக்கை எடுத்துக் காட்டினான். அதை வெச்சே சொல்றேனுங்க.

மளிகைக்கடை நீள நோட்டு ஒண்ணு வாங்குங்க, பையனுக்கு ஒண்ணு. முதல் கட்டத்துல ஆட்ட எண். 1, 2, 3ன்னு விடாமப் போகோணும். கோயில் பொங்கல் ஆட்டமும் சரி, மாவட்ட ஆட்டமும் சரி, எல்லாத்துக்கும் எண் உண்டு. ஸ்டைன்ஸ் அயர்லாந்துல டப்ளின்காரர். ஊர்ல ஆடினது உருண்டைப் பந்து. 1984ல, 18 வயசுல மெல்போர்ன் கிளப்புக்கு வந்து, புது ஆட்டத்தை அடியிலிருந்து கத்துக்கிட்டார். 1987ல இருந்து 1998 வரைக்கும் 264 மேட்ச். அதுல 244 ஒண்ணுகூட விடாமத் தொடர்ச்சியா ஆடினது. அவர் ஓய்வு பெற்று இருபது வருசத்துக்கு மேல, 2025 வரைக்கும், அதை யாரும் தாண்டல. பையன் வராத நாளையும் காரணத்தோட எழுதுங்க: காய்ச்சல், முட்டி வீக்கம், கரும்பு வெட்டு. அப்பத்தான் விடாம வந்தது தெரியும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். அவங்க ஸ்கோர் எழுதற விதம் பாருங்க: 11.14 (80). பதினோரு கோல், தப்பிப்போனது பதினாலு, மொத்தம் 80. தப்பினதும் பலகையிலேயே நிக்குது! நம்ம பசங்களுக்கும் அப்படியே போட ஆரம்பிச்சேன். பிடிச்சது நாலு, கைக்கு வந்து நழுவினது ரெண்டுன்னா 4.2. "ஆட்டம் 37. தாராபுரம். 4.2. கடைசி நிமிசம், கணுக்கால் பிடி நழுவிருச்சு, வலது கை பிந்திருச்சு." இப்படி ஒரு வரி இருந்தாப் போதும், மறுநாள் காலையில எதைப் பழக்கோணும்னு தெரிஞ்சிரும். ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கே எழுதிருங்க.

பெரிய தப்பை மறைக்காதீங்க. நான் சொன்ன 11.14 ஸ்டைன்ஸோட அணி எடுத்ததில்ல, அவங்களை ஜெயிச்ச ஹாத்தார்ன் எடுத்தது. 1987, ஜெயிச்சா இறுதிப்போட்டி. மெல்போர்ன் நாலு புள்ளி முன்னால இருக்கு. கடைசியில ஹாத்தார்ன் கேரி பக்கனாராவுக்கு ப்ரீ கிக், ரொம்ப தூரம். ஸ்டைன்ஸ் குறுக்க ஓடிட்டார். அது விதிமீறல். நடுவர் பந்தை 15 மீட்டர் முன்னால கொண்டுபோய் வெச்சார். ஆட்டம் முடியற சைரன் அடிச்சதுக்கு அப்புறம் உதைச்சது கோல். 80க்கு 78. ஸ்டைன்ஸுக்கு அதுதான் முதல் சீசன். நாலு வருசம் கழிச்சு 1991ல அதே மனுசன் அந்த லீக்கோட பெரிய மரியாதையான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். முதல் வரி இல்லாம இந்த ரெண்டாவது வரிக்கு என்னங்க கனம் இருக்கு?

அந்தப் பதக்கம் நடுவர்கள் தர்றது. ஒவ்வொரு லீக் ஆட்டம் முடிஞ்சதும் நல்லா ஆடின மூணு பேருக்கு 3, 2, 1ன்னு ஓட்டுப் போடுவாங்க. நாமளும் எதிரணி வாத்தியாரை மரியாதையாக் கேட்டு 3, 2, 1 வாங்கிக் குறிக்கலாம். நம்ம பையனை நாமே மெச்சிக்கிறதை விட அது நம்பத் தகுந்தது. கையெழுத்தும் வாங்கிக்குங்க, பின்னாடி உதவும்.

எடை, உயரம் வருசத்துக்கு ரெண்டு தடவை போதும்.

கடைசி முப்பது பக்கத்தைச் சும்மா விடுங்க. ஸ்டைன்ஸ் ஆடிட்டு இருக்கும்போதே, 1994ல, பால் கரியோட சேர்ந்து இளைஞர்களுக்காக ரீச்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். 2008ல கடன்ல தவிச்ச தன் கிளப்புக்கே தலைவரானார். 2012ல புற்றுநோய் 45 வயசுல கொண்டுபோயிருச்சு. அரசு மரியாதையோட அடக்கம் பண்ணினாங்க. ஆட்டம் நின்னதுக்கு அப்புறமும் இவ்வளவு எழுத இருந்துச்சு.

என் லெப்ட் கார்னர் பையனுக்கு விட்டுப்போன ஏழு வருசத்தையும் அவன் கூட ஆடினவங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி முடிச்சேன். 112 ஆட்டம் தேறுச்சு. கடைசிப் பக்கங்கள்ல இப்ப அவனே எழுதறான். போன வாரத்து வரி: "ஞாயிறு, காலை 6 மணி, குளத்து மேடு. சின்னப் பசங்க 11 பேர். ரெண்டு பேருக்குச் செருப்பில்ல."