கசியும் வாட்டர் பம்பை வீட்டு வாசலிலேயே மாற்றும் முறை

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து வரும் ஸ்போர்ட்ஸ் பைக்கின் எஞ்சின் சூடேறுவதும், ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுழல்வதும் வடசென்னையில் புதிதல்ல. ஆனால் காலையில் வண்டியை நகர்த்தும்போது எஞ்சினுக்கு அடியில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சொட்டு கிடந்தால், அந்தப் பழியை நெரிசலின் மேல் போட முடியாது. அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்ற திரவம்; அதைச் சுழல வைக்கும் வாட்டர் பம்ப் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

பம்பை வாங்கும் முன் கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு பம்பையும் ஹோஸ்களையும் நன்றாகத் துடைத்து, முகப்பவுடரை மெல்லத் தூவி, வண்டியைப் பத்து நிமிடம் ஓட விட்டால், ஈரம் இறங்கும் வழி பவுடரின் மேல் கோடாகத் தெரியும். கோடு ஹோஸ் முனையில் தொடங்கினால் கிளாம்பையும் ஹோஸையும், பம்ப் மூடியின் விளிம்பில் தொடங்கினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையோ, இடையில் வைக்கும் தகடான கேஸ்கட்டையோ மாற்றினாலே போதும். பம்பின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளையிலிருந்து தொடங்கினால்தான் பம்பைக் கழற்ற வேண்டும். அந்தத் துளை, கூலன்ட்டைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலுக்கும் எஞ்சின் ஆயிலைத் தடுக்கும் ஆயில் சீலுக்கும் இடையே வேண்டுமென்றே விடப்பட்டது. கூலன்ட் சொட்டினால் முன்னதும், ஆயில் சொட்டினால் பின்னதும் தேய்ந்துவிட்டன என்று பொருள்.

இந்தத் துளையை அடைப்பது தீர்வாகாது. என் வண்டியை ஒருமுறை சரிபார்க்கக் கொடுத்தபோது, அதை எம்-சீல் வைத்து அடைத்து, "கசிவு நின்றுவிட்டது சார்" என்று திருப்பித் தந்தார்கள். வெளியே வர வழியில்லாத கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போனது. மூன்று வாரத்தில் ஆயில் பார்க்கும் கண்ணாடிக்குள் பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறம் தெரிந்தது. அந்த நிறம் தெரிந்த பிறகு வண்டியை ஓட்டவே கூடாது. பம்புடன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓட விட்டு, மீண்டும் ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கல் சீலை மட்டும் தனியாக மாற்றலாம் என்றாலும், சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே அது முதல் நாளே கசியும் என்பதால், முழு பம்பாகக் கிடைக்கும் வண்டிகளுக்கு அதையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய பம்ப் விலை குறைவுதான். ஆனால் அதன் சீல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

வேலைக்கு முந்தைய இரவே போல்ட்டுகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். காசிமேட்டுக் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் அலுமினிய உடலுக்குள் இரும்பு போல்ட் இறுகிப் போயிருக்கும், அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். காலையில் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கைக் கழற்றி, கீழே பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, வாய் அகன்ற பேசினை வைத்து வடிகால் போல்ட்டைத் திறவுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. தெருநாய் வந்து நக்கிவிடும் இடத்தில் பேசினை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது, சாக்கடையிலும் ஊற்றக் கூடாது.

பம்ப் மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. வேட்டி வாங்கிய அட்டைப்பெட்டியில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால், நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் திணித்து மரையைக் கெடுக்கும் ஆபத்து இராது. பம்ப் கிளட்ச் கவரோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் எஞ்சின் ஆயிலையும் முன்னதாக வடித்துவிட வேண்டும்.

நேரம் அதிகம் பிடிப்பது துடைப்பதில்தான். பழைய கேஸ்கட் துணுக்குகளை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியே மறுபடியும் கசியும், காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பே போதும். புது ஓ-ரிங்கில் துளி கூலன்ட் தடவி, பம்ப் தண்டின் முனையிலுள்ள வெட்டு எதிரே உள்ள தண்டோடு பொருந்தும்படி மெல்லத் திருப்பி உள்ளே தள்ளுங்கள். பொருந்தாமல் நிற்கும் பம்பைப் போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் தண்டு கெட்டுவிடும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவே இறுக்கம் தேவைப்படும். வண்டிக்குரிய சரியான அளவை சர்வீஸ் கையேட்டில் பார்த்து, குறுக்கும் மறுக்குமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள்.

கூலன்ட்டில் கலக்கும் தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருப்பது பல ஆண்டுகளாகவே தெரிந்த செய்தி. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அலுமினியத்தை அரிக்கும். கேன் தண்ணீரும் காய்ச்சி வடித்ததல்ல. கலவையாக விற்கும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். அடர் கூலன்ட் என்றால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்கலாம்.

ஊற்றியதும் ஹோஸ்களைக் கையால் பிசைந்து, வண்டியை இருபுறமும் சாய்த்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஐடிலில் ஓட விட்டால் காற்று குமிழிகளாக மேலே வரும். மட்டம் இறங்க இறங்க நிரப்பி, குமிழி நின்றதும் மூடி, விசிறி ஒருமுறை சுழன்று நிற்கும் வரை காத்திருங்கள். ஆறிய பின் ரிசர்வ் டேங்கின் மட்டத்தைப் பார்த்துக் குறைவை நிரப்பிவிட்டு, இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஃபேரிங்கைக் காலையில் அந்தத் தாளைப் பார்த்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.