அபிஸ்டோ வளக்கணுமா, தொட்டியோட தரையில இருந்து ஆரம்பிங்க

அபிஸ்டோகிராமா கக்கடுவாய்டஸ், சுருக்கமா அபிஸ்டோ, பெரு நாட்டுப் பக்கம் அமேசான் ஓடைங்கள்ல உதிர்ந்த இலைக்கு நடுவுல வாழ்ற, சிக்லிட் குடும்பத்து குட்டி மீன். ஆண் 8 செ.மீ. வந்தாலே பெருசு, பெண் 5 செ.மீ.தான். இது மேல நீந்துற மீன் இல்ல, நாள் முழுக்க தரையிலயே சுத்தும், மண்ண வாயில அள்ளி செவுள் வழியா சலிச்சு துப்பும். அதனால கடைக்காரர் உயரமான தொட்டிய காட்டுனா வேண்டாம்னு சொல்லிடுங்க, 2 அடி நீளம் 1 அடி அகலம் 1 அடி உயரம் போதும், ஒரு ஆண் ரெண்டு பெண் நல்லா இருக்கும்.

ரெண்டு ஆண் மட்டும் போடாதீங்க. நான் முதல் தடவ ரெண்டும் அழகா இருக்கேன்னு சென்னை கொளத்தூர் மீன் கடையில இருந்து வாங்கிட்டு வந்து ஒரே தொட்டியில விட்டேன், ஒண்ணு இன்னொன்ன ஃபில்டர் பின்னாடி ஒதுக்கி வாலெல்லாம் கிழிச்சிடுச்சு, அடி வாங்குனது மூணாம் நாள் காலையில செத்துப் போயிடுச்சு, இன்னைக்கும் நெனச்சா கஷ்டமா இருக்கு.

தரைக்கு நைசான ஆத்து மணல். எம்-சாண்ட் கூரா இருக்கும், செவுள கிழிச்சிடும். கடல் மணல்ல கிளிஞ்சல் தூள் இருக்கும், தண்ணிய கடினமாக்கும். சந்தேகமா இருந்தா கொஞ்சம் மணல்ல வினிகர் ஊத்திப் பாருங்க, நுரைச்சா அது வேண்டாம். மணலுக்கு மேல பாதாம் மரத்து இலை, அதாங்க நம்ம தெருவுல பெருசா செவந்து விழுமே அது, தானா உதிர்ந்து காஞ்ச இலையா பாத்து கழுவி ஒரு நாள் ஊற வச்சு நாலஞ்சு போடுங்க, தண்ணி டீ கலர்ல ஆகும், பயப்பட வேண்டாம், அவங்க ஊர் தண்ணியே அப்படித்தான்.

குகைக்கு காசு செலவு பண்ணாதீங்க. கொட்டாங்குச்சிய தேங்காய் ஒட்டாம சுரண்டி, கலர் இறங்குறது நிக்கிற வரைக்கும் ரெண்டு மூணு தடவ கொதிக்க வச்சு, கண்ணுல ஒண்ண மட்டும் பெண் நுழையற அளவுக்கு பெருசாக்கி கவுத்து வச்சிடுங்க. ஆண் உள்ள போக முடியாத அளவா இருந்தா இன்னும் நல்லது, அவளுக்கு அதுதான் பிடிக்கும். ஒரு பெண்ணுக்கு ஒண்ணுன்னு கணக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டை வச்சு ஒண்ணோட கண்ணுல இன்னொண்ணு படாம மறைக்கணும்.

இப்ப தண்ணி. எங்க போர் தண்ணி டிடிஎஸ் (அதாவது கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 900 காட்டும், அதுல அபிஸ்டோ உயிரோட இருக்கலாம், ஆனா முட்டை ஒழுங்கா பொரியாது. நான் ஒரு பங்கு போர் தண்ணிக்கு நாலு பங்கு ஆர்ஓ தண்ணி கலக்குறேன், 200 கிட்ட வரும். மெட்ரோ தண்ணின்னா குளோரின் போக ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட், ப்ளீச்சிங் இல்ல) போட்டுக்கோங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர ஓட விட்டு, தினம் துளி மீன் தீவனம் போட்டு நாலுல இருந்து ஆறு வாரம் காத்திருங்க, கழிவுல இருந்து வர்ற விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் டெஸ்ட்ல பூஜ்யம் காட்டுன பிறகுதான் மீன் வாங்கப் போகணும். வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க, புதுசா ஊத்துறதும் அதே கலவையா இருக்கணும்.

வெப்பம் 25, 26 டிகிரி இருந்தா சந்தோஷமா இருக்கும், நம்ம ஊர் மே மாசத்துல தொட்டி 32 போயிடுது. மூடிய எடுத்துட்டு சின்ன ஃபேன் தண்ணி மேல வீசற மாதிரி வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும் (மீன் குதிக்காம மேல வலை போடுங்க). ஆவியாகி குறையற தண்ணிக்கு வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, ஏன்னா ஆவியாகறப்ப உப்பெல்லாம் உள்ளயே தங்கிடும். சூடு குஞ்சையும் மாத்தும், 1996ல வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு அபிஸ்டோகிராமா இனங்கள்ல தண்ணி சூடு கூடினா ஆண் அதிகமா வருதுன்னு காட்டுச்சு, என் மே மாசத்து குஞ்சுங்க கிட்டத்தட்ட எல்லாமே ஆண்தான்.

சாப்பாட்டுக்கு ஃப்ரோசன் ப்ளட்வாம் (சிவப்பு குட்டிப் புழு), ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணியில வாழ்ற பொடி இறால் மாதிரி உயிர்). சாக்கடையில எடுக்குற உயிர் புழு வேண்டவே வேண்டாம், நோய் அதோடதான் வரும்.

ஒரு நாள் பெண் எலுமிச்சை மஞ்சளா மாறி மேல கரி வச்சு இழுத்த மாதிரி கருப்பு கோடு தெரியும், குகைய விட்டு நகராது, தன்ன விட ரெண்டு மடங்கு இருக்குற ஆணையே விரட்டும். அப்ப உள்ள கூரையில செம்பழுப்பா முட்டை ஒட்டியிருக்குன்னு அர்த்தம், டார்ச் அடிச்சுப் பாக்காதீங்க, பயந்தா அவளே தின்னுடுவா. மூணு நாள்ல பொரியும், இன்னும் நாலஞ்சு நாள்ல குஞ்சுங்கள வெளிய கூட்டிட்டு வருவா. அத நீங்க கண்ணால பாக்கணும்! இடுப்புத் துடுப்ப படக்குன்னு அடிப்பா, மொத்தக் கூட்டமும் அப்படியே இலையோட இலையா உக்காந்துடும், ஒண்ணு விலகிப் போச்சுன்னா வாயில உறிஞ்சி கொண்டு வந்து கூட்டத்துக்குள்ள துப்புவா. திங்கறான்னு நெனச்சு வலைய விட்டுடாதீங்க.

குஞ்சுக்கு அன்னன்னைக்குப் பொரிச்ச ஆர்ட்டீமியாதான். ஒரு லிட்டர் பாட்டில்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு, ஆர்ட்டீமியா முட்டை கொஞ்சம், ஏர் பைப், 24 மணி நேரத்துல ரெடி, உப்புத் தண்ணிய துணியில வடிகட்டிட்டு போடுங்க. ராத்திரி கூட்டத்த பாதுகாக்கறது கஷ்டம், அதனால ப்ளெக்கோ மாதிரி ராத்திரி மேயற மீன் கூட இருக்கக் கூடாது, மேல் தண்ணியில திரியற பென்சில் ஃபிஷ் நாலஞ்சு இருந்தா அபிஸ்டோவுக்கும் தைரியம்.

சில வாரத்துல அம்மா மஞ்சள் போய் சாம்பலாகும், குஞ்சுங்கள விரட்ட ஆரம்பிப்பா. அன்னைக்கே குஞ்சுங்கள வேற தொட்டிக்கு மாத்திடுங்க, அதே தண்ணியில.